பெட்டியைத் தொடாதீக

மூன்றாவது முறையாகப் பட்டனை அமுக்கியும் கம்ப்யூட்டர் மூச்சு விடவில்லை.

நல்லசிவம் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நான்காவது முறை அமுக்கினார். ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். கண்ணைத் திறந்தபோது மானிட்டரில் அவருடைய முகம்தான் கறுப்பாகத் தெரிந்தது.

மணி ஒன்பது ஐந்து. பன்னிரண்டு மணிக்கு ராஜபாண்டியன் வருகிறார். ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருப்பவர். அவருடைய தீபாவளிச் சரக்குக்கான பதினான்கு லேபிள்களும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. ஐந்து வாரம் உட்கார்ந்து நல்லசிவம் வரைந்தவை. தரைச்சக்கரத்துக்குப் போட்ட மயிலை மட்டும் பதினொரு தடவை திருத்தியிருந்தார். ராஜபாண்டியன் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போகும். போடாவிட்டால் அவர் வேறு அச்சகம் பார்த்துக்கொள்வார். அப்படி ஆனால் இந்த மாடி அறையையே இழுத்து மூடிவிட்டு, டிசைனை வெளியில் கொடுத்து வாங்கிக்கொள்வதாக முதலாளி ரத்தினசாமி ஆடி மாதமே சொல்லியிருந்தார்.

நல்லசிவத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த மாடி அறையில் பதினெட்டு வருடம். வேறு வேலை தெரியாது.

"பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வைக்கலையா அண்ணாச்சி?" என்றாள் சுகிர்தா. அடுத்த மேஜையில் அவள் தினக் காலண்டருக்கு நல்ல நேரமும் எமகண்டமும் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கத்தான் போனேன். அது நெறஞ்சு கிடந்துச்சு."

"எதால?"

"மச்சினன் மக சடங்கு வீடியோ."

சுகிர்தா எமகண்டத்துக்குத் திரும்பினாள்.

நல்லசிவம் முறையாகவே ஆரம்பித்தார். தன் செல்போன் சார்ஜரை அதே பிளக்கில் சொருகிப் பார்த்தார். சார்ஜ் ஏறியது. ஆக, சுவரில் கரண்டு இருக்கிறது. மானிட்டரில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. ஆக, மானிட்டருக்கும் கரண்டு வருகிறது. பெட்டிக்குத்தான் வரவில்லை. பெட்டிக்கு வரும் ஒயர் போயிருக்க வேண்டும். வேறு ஒயர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர் மேஜைக்கு அடியில் குனிந்து, சும்மா கிடப்பதாகப் பட்ட ஒரு ஒயரைப் பிடித்து இழுத்தார்.

மேலே சுகிர்தா வீல் என்று கத்தினாள்.

"அண்ணாச்சி! என் கம்ப்யூட்டரு அணைஞ்சிருச்சு! மார்ச் மாசம் பூராவும் போச்சு!"

"சேவ் பண்ணலையா தாயி?"

"நீங்க மயிலைச் சேவ் பண்ணுன மாதிரிதான் நானும் பண்ணுனேன்."

பிடுங்கிய ஒயரைத் தன் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். பெட்டி அசையவில்லை. மார்ச் மாதத்தைப் பலி கொடுத்தும் ஒயரில் கோளாறு இல்லை என்பது மட்டுமே தெரிய வந்தது.

வேறு வழியில்லை. முதலாளிக்குப் போன் போட்டார். ரத்தினசாமி ஒரு நிச்சயதார்த்தத்துக்காக விருதுநகர் போயிருந்தார்.

"மொதலாளி, கம்ப்யூட்டர் ஓட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் வரவில்லை. மறுபடி காதில் வைத்தார்.

"அப்படியா?" என்றார் ரத்தினசாமி. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "சரி, விடுங்க. என்ன செய்ய முடியும்? மிசின்னா அப்பப்ப மக்கர் பண்ணத்தான் செய்யும். நீங்க பெட்டியைத் தொடாதீக. டீ சாப்பிட்டீகளா?"

நல்லசிவம் போனைத் திருப்பி, திரையில் இருப்பது முதலாளியின் பெயர்தானா என்று பார்த்துக்கொண்டார்.

பதினெட்டு வருடத்தில் முதலாளி அவரை "யோவ்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். நல்ல மனநிலையில் இருந்தால் "வாருமய்யா". ஒருவரை "நீங்க" என்று அவர் கூப்பிட ஆரம்பித்தால் அந்த ஆளுக்கு அந்த அச்சகத்தில் நாள் முடிந்தது என்று அர்த்தம். போன வருடம் பைண்டிங்கில் இருந்த கோட்டைச்சாமியிடம் "நீங்க நல்லா இருக்கீகளா" என்று கேட்டார். கோட்டைச்சாமி இப்போது திருப்பூரில் இருக்கிறார்.

"என்ன சொன்னாக?" என்றாள் சுகிர்தா.

"டீ சாப்பிட்டீகளான்னு கேட்டாக."

"ஐயையோ" என்றாள் சுகிர்தா.

அந்த வட்டாரத்து அச்சகங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் மெக்கானிக் சோலைச்சாமி. பைக்கில் சுற்றிக்கொண்டே இருப்பான். நல்லசிவம் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தான். அதுவே அதிசயம்.

"சாத்தூர்ல ஒரு தீப்பெட்டி ஆபீசுல மாட்டிக்கிட்டேன் அண்ணாச்சி. நான் வர்றதுக்குச் சாயங்காலம் ஆகும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. பிளக்கைப் புடுங்கிட்டு, பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு முப்பது வரைக்கும் எண்ணுங்க."

எண்ணினார்.

"இப்பப் பிளக்கைச் சொருகுங்க. ஃபேன் சுத்துதா?"

"நல்லா சுத்துது."

மறுமுனையில் ஒரு பதற்றம். "சுத்துதா? எந்த ஃபேனு?"

"மேல தொங்குற ஃபேனு."

சோலைச்சாமி நீளமாக மூச்சு விட்டான். "சரி, பெட்டி சூடாகியிருக்கும். அரை மணி நேரம் ஆறப் போடுங்க."

"காலையில இருந்து ஓடவே இல்லையேப்பா, எப்படிச் சூடாகும்?"

"உள்சூடு அண்ணாச்சி. வெளிய தெரியாது."

நல்லசிவம் அரை மணி நேரம் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடையிடையே அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பத்து மணிக்கு அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் சோலைச்சாமி.

"அப்ப தூசிதான். கீழ மிசின் ஹால்ல பிளோயர் இருக்குல்ல? பெட்டியைத் தூக்கிட்டுப் போயி நல்லா ஊதி விடுங்க. மூடியத் தொறக்காதீக. வெளிய இருந்தே ஊதுனாப் போதும்."

நல்லசிவம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். பிளோயரை எடுத்து, பெட்டியின் பின்பக்கத்து ஓட்டையில் வைத்து, முழு வேகத்தில் விட்டார்.

அந்தப் பெட்டிக்குள் ஆறு வருடத்துத் தூசி இருந்தது. அது ஒரே மூச்சில் வெளியே வந்தது. கறுப்பாக, ஒரு சிறிய மேகம் போல எழும்பி, காற்றோட்டம் எந்தப் பக்கம் என்று கொஞ்சம் யோசித்து, ஹாலின் மேற்கு மூலைக்குப் போய் இறங்கியது. அங்கேதான் மெஷின்மேன் இசக்கிப்பாண்டி, கம்பி மத்தாப்பு லேபிளை அடித்து மை காய்வதற்காகப் பரப்பி வைத்திருந்தான். கொழுகொழுவென்று ஒரு குழந்தை மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் லேபிள். இருநூறு ஷீட். ஷீட்டுக்கு எட்டுக் குழந்தை.

"அண்ணாச்சி!" இசக்கிப்பாண்டியின் அலறல் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "என்ன காரியம் பண்ணிப்புட்டீக! பிள்ளைக்கெல்லாம் மீசை மொளைச்சிருச்சு!"

நல்லசிவம் போய்ப் பார்த்தார். அவன் மிகைப்படுத்தவில்லை. சில குழந்தைகளுக்குத் தாடியும் இருந்தது.

"துணி வச்சுத் தொடைச்சா போயிராதா?"

இசக்கிப்பாண்டி துணியை எடுத்து ஒரு குழந்தையைத் துடைத்துக் காட்டினான். குழந்தையின் மூக்கும் சேர்ந்து போனது.

நல்லசிவம் பெட்டியை மறுபடி அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். பட்டனை அமுக்கினார். தூசி இல்லாத பெட்டியும் தூசி இருந்த பெட்டி போலவே கிடந்தது.

பத்தே முக்காலுக்கு முதலாளியே கூப்பிட்டார். குரல் இன்னும் இளகியிருந்தது.

"ராஜபாண்டியன் அண்ணாச்சிகிட்ட விசயத்தைச் சொல்லிட்டேன். 'கம்ப்யூட்டர் படுத்துருச்சு, சரியாக நாலு நாள் ஆகும்'னேன். மனுசன் கோவிச்சுக்கிடலை. ஆனாலும் பன்னெண்டு மணிக்கு நேர்ல வந்து ஒரு எட்டு பார்க்கேங்காக. வந்து கேட்டாகன்னா நீங்களே உள்ளதை உள்ளபடி சொல்லிருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். மனசைப் போட்டு அலட்டிக்கிடாதீக."

"மொதலாளி, நான் வந்து..."

"பெட்டியைத் தொடாதீக, அம்புட்டுதான். உடம்பைப் பாத்துக்கோங்க."

நல்லசிவம் போனை மேஜையில் வைத்தார்.

"என்னவாம்?" என்றாள் சுகிர்தா.

"உடம்பைப் பாத்துக்கிடச் சொல்றாக."

சுகிர்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பார்ட்டி முன்னால என்னையே நிக்க வச்சு, என் வாயாலேயே சொல்ல வைக்கப் போறாக" என்றார் நல்லசிவம். "பதினாலு லேபிளும் போச்சு, காரணம் நான்தான்னு. அதுக்கப்புறம் கணக்கைத் தீர்த்து அனுப்புறதுக்கு நியாயம் கிடைச்சிரும்ல?"

வீட்டில் மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். ஐம்பத்திரண்டு வயதில் திருப்பூருக்குப் போய் பனியனில் மயில் வரைவதை அவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"தொடாதீகன்னாகளே அண்ணாச்சி" என்றாள் சுகிர்தா.

"தொட்டாலும் போகப் போறேன், தொடாட்டியும் போகப் போறேன்."

மூடி திறந்தது. உள்ளே அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமான சாமான்கள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து ஒயர்கள் கிளம்பி எங்கெங்கோ போயின. எதற்கும் சொல்லிவிடலாம் என்று சோலைச்சாமியைக் கூப்பிட்டார்.

"மூடியத் தொறந்துட்டேன்ப்பா. இப்ப என்ன செய்ய?"

"தொறந்துட்டீகளா?" பைக்கை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது. "அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மூடிருங்க! எதையும் தொடாதீக! நான் வந்துக்கிட்டே இருக்கேன், நான் வந்து பாத்துக்கிடுதேன்!"

தொழில்காரனுக்கு அடுத்தவன் கை வைத்தால் பிடிக்காது என்று நல்லசிவத்துக்குத் தெரியும். அவர் வரைந்த மயிலில் யாராவது ஒரு இறகைத் தொட்டால் அவருக்கும் இப்படித்தான் இருக்கும். போனை அணைத்தார்.

பெட்டியின் மூலையில் ஒரு தகர டப்பா இருந்தது. கரண்டு முதலில் அதற்குள் வந்துதான் மற்றவற்றுக்குப் பிரிந்து போகிறது என்பது அவருக்கே புரிந்தது. அது செத்திருந்தால் பெட்டி முழுக்கச் செத்த மாதிரிதான் இருக்கும். அதே மாதிரி டப்பா ஒன்று, உயிரோடு, சுகிர்தாவின் பெட்டிக்குள் இருக்கும்.

"தாயி..."

"வேணாம் அண்ணாச்சி. இப்பதான் மார்ச் இருபதுக்கு வந்திருக்கேன்."

"அஞ்சே நிமிசம். மாத்திப் பார்த்துட்டுத் திருப்பி மாட்டிருதேன்."

"சேவ் பண்ணிக்கிடவா?"

"பண்ணிக்கோ."

இரண்டு பெட்டிகளும் மேஜையில் அக்கம் பக்கமாக வயிற்றைத் திறந்துகொண்டு படுத்தன. நல்லசிவம் சுகிர்தாவின் பெட்டியிலிருந்து டப்பாவைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு ஸ்குரூ நழுவி உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் பெட்டியைக் கவிழ்த்தபோது, அந்த ஸ்குரூவோடு இன்னும் இரண்டு ஸ்குரூக்கள் விழுந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. கொக்கி போட்ட ஒரு தடித்த ஒயரைக் கழற்றப் பத்து நிமிடம் பிடித்தது. கழற்றிய பிறகு, அதே கொக்கியை அவருடைய பெட்டியில் கழற்ற முடியவில்லை. சரி, வேண்டாம் என்று சுகிர்தாவினுடையதைத் திரும்பச் சொருகினார். பட்டனை அமுக்கினார். அதுவும் ஓடவில்லை.

மணி பதினொன்றரை.

"இப்ப ரெண்டும் போச்சா?" என்றாள் சுகிர்தா. குரலில் கோபம் இல்லை. அந்தக் கட்டத்தை அவள் தாண்டியிருந்தாள்.

நல்லசிவம் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் ஏந்திக்கொண்டார்.

சுகிர்தா தன் பெட்டியின் மேல் குனிந்தாள். கொக்கி ஒயரை இரண்டு பெருவிரலாலும் அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம் வந்தது. பட்டனை அமுக்கினாள். உள்ளே குட்டி ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

"ஒழுங்கா அமுக்கலை அண்ணாச்சி நீங்க."

நல்லசிவம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி கவிழ்ந்துகொண்டார். அவள் தன் பெட்டியையும் அவர் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே சாமான்கள், ஒரே இடத்தில்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. என் பெட்டியில பட்டனுக்குப் பின்னால இருந்து சன்னமா ரெண்டு ஒயரு வந்து, இந்தா, இந்த மூலையில சொருகியிருக்கு. உங்களதுல அந்த ஒயரு சும்மா தொங்குது பாருங்க."

நல்லசிவம் எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மூக்கு உள்ளே படும்படி குனிந்து பார்த்தார். பட்டனிலிருந்து வந்த ஒயர், நுனியில் கடுகளவு சொருகியோடு, அந்தரத்தில் நின்றது. அதாவது காலையிலிருந்து அவர் அமுக்கிய பட்டன் எதனோடும் பேசவே இல்லை.

அடுத்த பெட்டியைப் பார்த்து, அதே மூலையில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பி முள்ளில் அதைச் சொருகினார். ஒரு பெருமூச்சு விட்டு, பட்டனை அமுக்கினார்.

பெட்டி 'ம்' என்றது. ஃபேன் சுற்றியது. மானிட்டரின் மஞ்சள் விளக்கு நீலமாயிற்று. இரண்டு நிமிடத்தில் தோகை விரித்த மயில், தரைச்சக்கரத்தின் நடுவில், எல்லா இறகுகளோடும் வந்து நின்றது.

நல்லசிவம் அழவில்லை. கண்ணாடியை மட்டும் மூன்று தடவை துடைத்தார். சுகிர்தா இரண்டு டீ சொல்லப் போனாள்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. விருதுநகரிலிருந்து திரும்பிவிட்ட முதலாளியும் ராஜபாண்டியனும் பேசிக்கொண்டே படி ஏறினார்கள்.

"என்ன செய்ய அண்ணாச்சி, எல்லாம் நம்ம கையிலயா இருக்கு?" என்று ரத்தினசாமி இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "ராவும் பகலுமா வேலை பார்த்த ஆளு. கம்ப்யூட்டரு போனதுல அவரு பாதியாப் போயிட்டாரு. நீங்களே கேளுங்க..."

உள்ளே வந்தவர் மயிலைப் பார்த்தார். வாக்கியம் அங்கேயே நின்றது.

"யோவ்" என்றார். "என்னய்யா செஞ்சீரு?"

அந்த "யோவ்" காதில் விழுந்ததும் நல்லசிவத்துக்கு உயிர் திரும்பியது. "சரி பண்ணிட்டேன் மொதலாளி!"

"நீரா?"

"நானேதான். சுகிர்தாவும் கூட இருந்துச்சு."

ராஜபாண்டியன் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு லேபிளையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். மயிலிடம் வந்ததும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டார்.

"நல்லாருக்குய்யா" என்றார். "என்ன கோளாறாம்?"

நல்லசிவம் ஒன்று விடாமல் சொன்னார். மார்ச் மாதம் போனதைச் சொன்னார். இருநூறு ஷீட் குழந்தைகளுக்கு மீசை முளைத்ததைச் சொன்னார். அதைச் சொல்லும்போது ரத்தினசாமி இருமினார். நல்லசிவம் நிறுத்தாமல் தாடியையும் சொன்னார். கடைசியில் ஒயருக்கு வந்தார்.

"தானாவா கழண்டுச்சு?" என்றார் ராஜபாண்டியன்.

"எலி இழுத்திருக்கும் அண்ணாச்சி."

"மூடி போட்ட பெட்டிக்குள்ளயா? கெட்டிக்கார எலிதான்."

ரத்தினசாமி ஜன்னல் பக்கம் போய் வெளியே வெயிலைப் பார்த்தார்.

நல்லசிவம் எடுத்துக் கொடுத்த பதினான்கு பிரிண்டிலும் ராஜபாண்டியன் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "அப்புறமென்ன ரத்தினசாமி? கம்ப்யூட்டரு மட்டும்தானே தடைன்னீக? அது ஓடிருச்சு. நாளைக்குக் காலையில மிசின்ல ஏத்துங்க. நாளன்னைக்குச் சாயங்காலம் என் லாரி இங்க வந்து நிக்கும். மொத லோடு ஒடிசா போகணும், வடக்க இருந்து ஒரே நச்சரிப்பு."

"நாளன்னைக்கா?" என்றார் ரத்தினசாமி.

"ஏன், வேற ஏதும் சிக்கல் இருக்கா?"

ரத்தினசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இல்ல அண்ணாச்சி. வேற என்ன சிக்கல் இருக்கப் போகுது?"

ராஜபாண்டியன் எழுந்து நல்லசிவத்தின் தோளில் தட்டினார். "இந்த மாதிரி ஒரு ஆளு கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கார் கிளம்பிப் போயிற்று.

ரத்தினசாமி சுகிர்தாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார். நல்லசிவம் பக்கத்தில் கை கட்டி நின்றார். சந்தோஷத்தில் மனிதருக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்தார். சம்பளத்தைப் பற்றி இன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா, தீபாவளி கழியட்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது தடதடவென்று படி ஏறி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சோலைச்சாமி உள்ளே ஓடி வந்தான். ஒளிர்ந்துகொண்டிருந்த மயிலைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போச்சு! லேபிள் அடிக்க அட்டை லோடு வந்து சேர நாலு நாளாகும், அது பார்ட்டிக்குத் தெரியக் கூடாது, அதுவரைக்கும் பெட்டி நெசமாவே ஓடக் கூடாது, உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு மொதலாளி சொல்லித்தானே அண்ணாச்சி, நேத்து நான் வந்து அந்த ஒயரைப் புடுங்கி விட்டுட்டுப் போனேன்?"